கம்ப்யூட்டர் சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள், வேதியியலில் நல்ல மதிப்பெண். கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டால் வேறு கதியே இல்லை என்று பெரியப்பாவும் அத்தையும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அந்தச் சீட்டுக்கு வீட்டை அடமானம் வைத்தாக வேண்டும். மகளோ உலோகவியல்தான் வேண்டும் என்கிறாள்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சமாதானம் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். படிக்கப்போகிறவளுக்குப் பிடிக்காத படிப்பு, கட்டப்போகிற உங்களுக்குத் தாங்காத கடன். இரண்டையும் சேர்த்துச் சுமக்கச் சொல்லும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் அது நல்ல யோசனை இல்லை. தவணை கட்டப் பெரியப்பா வரமாட்டார்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். பள்ளி ஆய்வகத்தில் செம்பு முலாம் பூசும் செய்முறையில் இவள் போட்ட பூச்சு உரிந்து வந்துவிட்டதாம். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் தகட்டைத் தேய்த்து, பிசுக்குப் போகக் கழுவி, விரல் படாமல் இடுக்கியால் பிடித்து, மறுபடி பூசி ஒட்டவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாளாம். 'அப்படி ஒரு பிடிவாதம்' என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பிடிவாதத்தை நம்பியே நடக்கும் ஒரு துறை இருக்கிறது: துகள் முடுக்கிகளுக்கு, அதாவது அணுவைவிடச் சிறிய துகள்களை அதிவேகமாக ஓடவிடும் இயந்திரங்களுக்கு, உலோகக் கலம் தயாரிப்பது. மற்ற படிப்புகளைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி நிறைய பேர் இருப்பதால் நான் இதை மட்டும் சொல்கிறேன்.

துகள் முடுக்கிகளில் எலக்ட்ரான், புரோட்டான் போன்றவற்றுக்கு வேகம் கொடுப்பது கேவிட்டி எனப்படும் உள்ளீடற்ற உலோகக் கலம். ரேடியோ அலையை உள்ளே செலுத்தினால் அதன் மின்புலம் துகளைத் தள்ளும். நியோபியம் என்ற உலோகம் 9.2 கெல்வினுக்குக் (சுமார் மைனஸ் 264 டிகிரி செல்சியஸ்) கீழே, மின்தடை ஏறக்குறைய மறைந்துபோன மீக்கடத்தியாகிவிடுவதால் அதில் செய்த கேவிட்டியில் மின்னிழப்பு மிகமிகக் குறைவு. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. 2 கெல்வினில் ஒரு வாட் வெப்பம் உண்டானால் அதை வெளியேற்றக் குளிரூட்டு நிலையம் 700 முதல் 1000 வாட் வரை மின்சாரம் தின்கிறது. அதனால்தான் இழப்பை இன்னும் பாதியாக்க முடியுமா என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது.

கேவிட்டியின் சுவர் 3 மில்லிமீட்டர் தடிமன். மின்னோட்டம் ஓடுவதோ உட்பரப்பில் சில பத்து நானோமீட்டர் ஆழத்துக்குள். அந்த மெல்லிய தோலைப் பழுதில்லாமல் வைப்பதே முழுநேர வேலை. முதலில் ஹைட்ரோபுளூரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த குளியலில் மின்மெருகூட்டல்: தகட்டை வளைத்து உருவாக்கியபோது சேதமான பரப்பு நூறு மைக்ரானுக்கு மேல் கரைத்து எடுக்கப்படும். அப்புறம் வெற்றிட உலையில் 800 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, உலோகத்துக்குள் புகுந்துவிட்ட ஹைட்ரஜனை விரட்டுவார்கள். விரட்டாவிட்டால் குளிரூட்டும்போது அது ஹைட்ரைடாகப் படிந்து கேவிட்டியின் திறனைக் கெடுக்கும். மறுபடி லேசாக ஒரு மெருகு. பிறகு மிகத் தூய நீரை 100 பார் அளவு அழுத்தத்தில் பீய்ச்சி மணிக்கணக்கில் கழுவுவார்கள். தூசி ஒன்று தங்கினால் போதும், அந்த இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் பாய ஆரம்பித்துவிடும். கடைசியில் 120 டிகிரியில் 48 மணி நேரம் சூடேற்றுவது ஒரு பழகிய முறை. உயர்ந்த மின்புலத்தில் திறன் சரிவதை அது தடுக்கிறது.

2012 வாக்கில் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இயற்பியலாளர் அன்னா கிராசெலினோவும் குழுவினரும் உலைக்குள் நைட்ரஜனை விட்டு, பரப்பில் நியோபியம் நைட்ரைடை உருவாக்கப் பார்த்தார்கள். கேவிட்டி மோசமாகிவிட்டது. தூக்கிப் போடாமல், மேலே சில மைக்ரானைக் கரைத்துவிட்டு மறுபடி சோதித்தார்கள். திறன் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தது! மிகச் சிறிதளவு நைட்ரஜன் உலோகத்துக்குள் கரைந்து நின்றதே காரணம். 2013-இல் வெளியான இந்த முறை, 800 டிகிரியில் 2 நிமிடம் நைட்ரஜன், 6 நிமிடம் வெறும் வெற்றிடம், 5 மைக்ரான் மெருகு என்ற செய்முறையாக உருப்பெற்று எல்சிஎல்எஸ்-2 என்ற எக்ஸ்-கதிர் லேசருக்குப் போனது. அது 2023-இல் முதல் ஒளியைக் கொடுத்தது. உங்கள் மகள் தகட்டைத் திரும்பக் கழுவியதும் இதே குணத்தால்தான்.

இன்னும் முடியாத வேலையும் கிடக்கிறது. நியோபியத்தின் மேல் நியோபியம்-வெள்ளீயச் சேர்மத்தைப் படியவைத்தால் மீக்கடத்தும் வெப்பநிலை 18 கெல்வினுக்கு ஏறும், 2-க்குப் பதில் 4 கெல்வினிலேயே இயக்கலாம். ஆனால் அந்தப் படலம் எளிதில் நொறுங்கும்.

மெருகூட்டும் அந்த ஹைட்ரோபுளூரிக் அமிலத்தை நினைத்துப் பயப்படுவீர்கள். பயப்பட வேண்டிய அமிலம்தான். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியலாம், அதற்குள் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் மூடிய அமைப்பு, முழுக் கவசம், கைக்கெட்டும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத ஆய்வகத்தில் அவள் கால் வைக்கக் கூடாது.

வேலை நிறைய இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் ஹாம்பர்க், பிரான்சில் சாக்லே, ஜப்பானில் சுகுபா, நம் நாட்டில் இந்தூர், அமெரிக்காவில் சில என்று இடங்கள் கொஞ்சம்தான். ஆகவே இளநிலையில் 'முடுக்கித் தொழில்நுட்பம்' என்று பெயர் சூட்டிய குறுகலான படிப்பு எதற்கும் பணம் கட்டாதீர்கள். உலோகவியல் அல்லது பொருளறிவியல் படிக்கட்டும். வெற்றிடம், தூய்மை அறை ஒழுங்கு, எலக்ட்ரான் நுண்ணோக்கி, பரப்புப் பகுப்பாய்வு எல்லாம் கைவந்தால் சில்லுத் தயாரிப்பிலும் மருத்துவ உள்வைப்புகளிலும் நியோபியப் படலம் பயன்படும் குவாண்டம் கணினிகளிலும் வேலை பார்க்கலாம். முனைவர் பட்டம் வரை போவதானால் உதவித்தொகை தரும் இடத்தில் மட்டும். கையிலிருந்து காசு போட்டு முனைவர் ஆய்வு செய்யவே வேண்டாம்.

முடிவு அவளுடையது. வாரக்கணக்கில் தயார் செய்த கேவிட்டி ஒரே சோதனையில் தோற்றுத் திரும்பி வரும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை அவளிடம் சொல்லி, முகத்தைப் பாருங்கள். சலித்துக்கொண்டால் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள், பெரியப்பாவின் பேச்சையும் சேர்த்து. 'ஏன் தோற்றது?' என்று கேட்டால், சேர நினைக்கும் கல்லூரிக்கு அவளைக் கூட்டிப்போய், வெற்றிட உலையும் நுண்ணோக்கியும் இளநிலை மாணவர்கள் கைக்கு எந்த ஆண்டில் வரும் என்று துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.