பிடித்துப் போடுவது கள்ளாட்டமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் மகனுக்கு 16 வயது. தீபாவளிக்கு வந்த என் அண்ணன் பிள்ளைக்கு 13. இருவரும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் விளையாடினார்கள். என் மகன் கிட்டப் போய்ப் பிடித்துத் தூக்கிப் போட்டே ஜெயித்துக்கொண்டிருந்தான். “கள்ளாட்டம்! இனி உன்கூட விளையாட மாட்டேன்” என்று சின்னவன் அழுதுவிட்டான். “தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டத்தில் எல்லாரும் இப்படித்தான்” என்கிறான் மகன். யார் சொல்வது சரி? – ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என்னை 1992-க்கே கொண்டுபோய்விட்டது. நானும் உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான். டவுனில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடை. அதன் அஞ்சடி நடைபாதையில் ஒரே ஒரு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மெஷின். அடுத்து ஆட வேண்டியவன் தன் காசைக் கண்ணாடி விளிம்பில் வைத்துவிட்டு நிற்பான். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: பிடிக்கக் கூடாது.

அதற்குக் காரணமும் இருந்தது. 1991-இல் வந்த அந்த ஆட்டத்தில் எதிரி பிடித்துவிட்டால் விடுபட வழியே இல்லை. விழும் அடியைக் குறைத்துக்கொள்ளும் வசதி 1994-இல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில்தான் வந்தது. உங்கள் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில், எதிரி பிடித்த அந்தக் கண நேரத்துக்குள் நாமும் பிடிக்கும் பொத்தான்களை அழுத்தினால் பிடி விட்டுப்போகும். குதித்தும் தப்பலாம், முந்திக்கொண்டு குத்தியும் தப்பலாம்.

சின்ன வயதில் ‘ஒன் டூ சூம்’ ஆடியிருப்பீர்களே. பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை வீழ்த்தும். இதுவும் அப்படித்தான். தடுப்பவனுக்கு அடி ஏறாது, பிடிப்பவனிடம் தடுப்பு நிற்காது, அடிப்பவன் பிடிக்க வருபவனை விழுத்துவான். பிடியை எடுத்துவிட்டால், தடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவனை அசைப்பது பெரும்பாடு. ஆகவே இது கள்ளாட்டம் இல்லை. அந்த மட்டில் உங்கள் மகன் சொல்வது சரி.

ஆனால் சின்னவன் ரேங்க் ஆட வரவில்லையே அம்மா. முறுக்கு தின்ற கையோடு அத்தை வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தவன். ஆட்டத்திலேயே ரேங்க் மேட்ச் வேறு, சும்மா ஆடும் கேஷுவல் மேட்ச் வேறு என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பதை உங்கள் மகன் பார்க்கத் தவறிவிட்டான்.

நாங்களும் ஒருநாள் அப்படி மாட்டிக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை மூன்று பேர் ஈப்போவுக்கு பஸ் ஏறினோம். அங்கே ஆடிய பையன்களுக்கு எங்கள் சட்டம் தெரியாது. பிடித்துப் பிடித்தே கவிழ்த்தார்கள். ஆளுக்கு ஐந்து வெள்ளி அரை மணி நேரத்தில் காலி. திரும்பும் பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அடுத்த வாரம் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவரிடம் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன். காலையில் பால் வெட்டிவிட்டு மதியம் கடைக்கு வருவார். நகக்கண்ணில் காய்ந்த ரப்பர் பால் ஒட்டியிருக்கும். ஆட்டத்தில் வரும் வீரர்களில் தால்சிம்தான் அவருடைய ஆள். என்னோடு ஆட உட்கார்ந்தவர், எடுத்ததுமே பிடித்துப் போட்டார். நான் கத்த வாயெடுப்பதற்குள், “அவன் காலைப் பார்” என்றார். எந்த இடத்துக்கு வந்தால் பிடி எட்டும் என்று கண்ணாடியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். தூசியில் அந்தக் கோடு அப்படியே நின்றது. “இதுக்கு அந்தப் பக்கம் நில்லு. இல்லே, நான் தாண்டும்போது குத்து.” ஏழெட்டுத் தடவை விழுந்தேன். அப்புறம் ஒரு தடவை, அவர் கோட்டைத் தாண்டும் நேரத்தில் என் குத்து பட்டது. என்னைவிட அவர்தான் சத்தமாகச் சிரித்தார். அன்றைக்குப் போட்ட காசெல்லாம் அவருடையது.

உங்கள் மகன் செய்ய வேண்டியது அதைத்தான். அடுத்த விடுமுறையில் முதல் பத்து நிமிடம் அவன் பிடித்துக்கொண்டே இருக்கட்டும், சின்னவன் விடுவித்துப் பழகட்டும். அப்புறம் நிஜ ஆட்டம். சின்னவன் மாடர்ன் கண்ட்ரோலில் ஆடலாம். பெரிய வித்தைகள் ஒரே பொத்தானில் வரும், அதற்கு ஈடாக அந்த அடியின் பலம் 20 விழுக்காடு குறையும். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு டைனமிக் இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பொருத்தமான அடியை மெஷினே தேர்ந்தெடுக்கும். ரேங்க் ஆட்டத்தில் அது கிடையாது.

வேண்டுமென்றே மட்டும் தோற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 13 வயதுப் பிள்ளை அதை உடனே கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் உண்மையிலேயே ஜெயித்தாலும் நம்ப மாட்டான்.

கேள்வி: எனக்கு 43 வயது. டெக்கன் 3 என்ற சண்டை கேம் காலத்திலிருந்து ஆடுகிறேன். நண்பர்கள் போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். கை வேகம் போய்விட்டதே, போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023-இல், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குத் தங்கம் வாங்கிய தென்கொரியாவின் கிம் குவான் வூவுக்கு அப்போது 44 வயது. திரை நொடிக்கு 60 தடவை மாறும் ஆட்டம்தான். ஆனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கை அசைக்க எந்த வயதிலும் முடியாது. 2004-இல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில், அமெரிக்காவின் ஜஸ்டின் வோங் ஆடிய சுன்-லி என்ற பாத்திரம் விட்ட 15 உதைகளையும் ஜப்பானின் டைகோ உமெஹாரா ஒன்றுவிடாமல் தட்டிவிட்டார். உதை வரப்போகிறது என்று முன்பே ஊகித்ததால்தான் முதல் உதையையே தட்ட முடிந்தது. அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். இன்றைக்கும் எல்லாரும் பேசுவது அந்த ஆட்டத்தைத்தான்.

தோற்றால், எதில் மாட்டினேன் என்று வென்றவரிடமே கேளுங்கள். நான் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்தக் கண்ட்ரோலரை எடுத்துப் போங்கள். ஆட்டம் பிளேஸ்டேஷன் 5-இலா கணினியிலா என்று பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.