பிக்சல் உணரியின் கசிவு மின்னோட்டம் மாறினால் என்ன செய்வது?

கேள்வி: துகள் உணர்கருவிக்கான சிலிக்கான் பிக்சல் உணரிகளைச் சோதித்து வருகிறேன். காலையில் 20 டிகிரியில் அளந்த கசிவு மின்னோட்டம் (துகள் எதுவும் படாதபோதும் உணரியில் ஓடும் சிறு மின்னோட்டம்) பிற்பகலில் 27 டிகிரியில் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடுகிறது. ஒரு உணரியில் மட்டும் 120 வோல்ட்டைத் தாண்டியதும் மின்னோட்டம் செங்குத்தாக ஏறுகிறது. அந்த உணரியைக் கழித்துவிடலாமா?

பதில்: முதலாவது குறையே அல்ல. சிலிக்கானில் வெப்பத்தால் பிறக்கும் எலக்ட்ரான்-துளை இணைகளே (விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும்) கசிவுக்குக் காரணம் என்பதால், அறை வெப்பநிலையை ஒட்டி ஒவ்வொரு 7, 8 டிகிரிக்கும் அது ஏறக்குறைய இரட்டிக்கும்; 1.21 எலக்ட்ரான்வோல்ட் என்ற வழக்கமான செயல் ஆற்றலை (வெப்பத்தோடு கசிவு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) கொண்டு கணக்கிட்டால் உங்கள் 7 டிகிரி வேறுபாட்டுக்கு 1.8 மடங்கு வருகிறது. எனவே எல்லா அளவுகளையும் 20 டிகிரிக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். வெப்பநிலையை அறையில் அல்ல, உணரி அமர்ந்திருக்கும் தட்டிலேயே அளக்க வேண்டும். இருட்டுப் பெட்டியும் கட்டாயம்: நுண்ணோக்கி விளக்கை அணைக்க மறந்தால் அந்த ஒளியே எல்லா மின்னழுத்தத்திலும் கசிவைக் கூட்டிக் காட்டும்.

இரண்டாவதில் அவசரப்பட வேண்டாம். முறிவு எனப்படும் இந்தத் திடீர் ஏற்றம் பெரும்பாலும் ஓரத்தில் மின்னழுத்தத்தைப் படிப்படியாகத் தணிக்கும் காப்பு வளையங்களில், ஈரமோ தூசியோ படிந்த பரப்பில் தொடங்குகிறது. உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தி, ஈரப்பதம் நன்கு இறங்கிய பின், மின்னோட்ட வரம்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் அளவு நிலைக்கும்வரை காத்திருந்து, மீண்டும் அளவிடுங்கள். முறிவு மேலே நகர்ந்தால் குற்றவாளி பரப்பு ஈரம்தான். அதே 120 வோல்ட்டில் நின்றால், வெட்டு விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, ஆய்வு ஊசியோ இடுக்கியோ உரசிய கோடு தெரிகிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். இடுக்கி பட்ட மயிரிழைக் கீறல் ஒன்றே ஒரு நல்ல உணரியைக் கெடுத்துவிடும். கையாளும்போது உள்ள கவனத்தைவிடப் பெரிய சோதனைக் கருவி இல்லை என்றே சொல்வேன்.

அதோடு மின்தேக்குதிறனையும் அளந்து, அதன் இருபடியின் தலைகீழியை மின்னழுத்தத்துக்கு எதிராக வரையுங்கள். நேராக ஏறும் கோடு படுத்துக்கொள்ளும் இடம்தான் உணரி முழுவதும் மின்னூட்ட ஏந்திகள் இன்றி வெறுமையாகும் மின்னழுத்தம். முறிவு அதற்குக் கீழே வந்தால் உணரியைக் கழித்துவிடலாம். சற்று மேலே வந்தாலும், கதிர்வீச்சு நெடுங்காலம் பட்ட பின் அந்த மின்னழுத்தம் பெரிதும் உயரும் என்பதால், துகள்கள் மோதும் புள்ளிக்கு மிக அருகில், கதிர்வீச்சு அதிகம் படும் அடுக்குக்கு அதை நான் அனுப்ப மாட்டேன்.