செயலியில் 20 என்றிருந்தது, தகரம் ஏன் பறந்தது?

கேள்வி: இரணைமடுப் பக்கம் கோழி வளர்க்கிறேன். போன ஆடியில் கைபேசிச் செயலி மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று என்றுதான் காட்டியது. மத்தியானம் கொட்டிலின் ஓரத் தகரங்கள் பிய்ந்துவிட்டன. காற்றளக்கும் கருவி பூட்டினால் முன்கூட்டியே தெரியும் என்று ஒருவர் வந்து விலை பேசுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காற்றளவி, வந்து சேர்ந்த காற்றைத்தான் அளக்கும். வரப்போவதை அது சொல்லாது. கூரை பிய்ந்த வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கும் இந்த வியாபாரிகள் அதை மட்டும் சொல்லவே மாட்டார்கள். 'செயற்கைக்கோளோடு தொடுத்தது' என்பார்கள். கைபேசியில் சும்மா கிடைக்கும் அதே கணிப்பைத்தான் திரையில் காட்டுவார்கள். முற்பணம் வாங்கிப் போனவர் பிறகு தொலைபேசி எடுப்பதில்லை என்று எத்தனையோ பேர் வந்து சொல்லிவிட்டார்கள். அந்தக் காசுக்குக் கொட்டிலையே திருத்திவிடலாம்.

சரி, 20 என்றது பொய்யா? இல்லை. அது சராசரி. அதுவும் பல கிலோமீற்றர் அகலமான ஒரு கட்டத்துக்கு, நிலத்திலிருந்து 10 மீற்றர் உயரத்துக்குப் போட்ட கணக்கு. தகரத்தைக் கிளப்புவது சில விநாடி மட்டும் வந்து போகும் வீச்சு. செயலியில் இந்த வீச்சுக்கு 'கஸ்ட்' என்று தனி வரி இருக்கும், அதைப் பாருங்கள். சராசரி 20 என்றால் வீச்சு 30, 35 வருவது சாதாரணம். வேகம் இரட்டித்தால் தகரத்தில் விழும் விசை நான்கு மடங்காகும். அலகையும் பாருங்கள்: 20 நொட் (கடல்வழி வேக அலகு) என்றால் மணிக்கு 37 கிலோமீற்றர்.

வானிலை அறிக்கையைக் கேட்டால் 'வடக்கு மாகாணத்தில் இடைக்கிடையே பலத்த காற்று' என்பார்கள். மன்னார்க் கரைக்கும் மாங்குளக் காட்டுக்கும் ஒரே வரி! கடலுக்குச் சொன்னதையும் நிலத்துக்குச் சொன்னதையும் வானொலியில் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடுகிறார்கள். பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பிரித்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் இடத்துக்கு இன்னொன்றும் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். இரணைமடு, வடக்கே ஓடும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். தண்ணீர் தெற்கே, குடியிருப்பும் வயலும் வடக்கே. காட்டு மரங்களில் உரசி வேகம் குறையும் காற்று, தடையில்லாத நீர்ப்பரப்பைக் கடக்கும்போது வேகத்தை மீட்டுக்கொள்ளும். குளக்கட்டின் அடியோடு ஒட்டிய வளவுக்குக் கட்டே மறைப்பு. ஆனால் கொஞ்சம் தள்ளி, மரமில்லாத வயல்வெளியில் கொட்டில் போட்டவருக்கு அந்த மறைப்பு இல்லை. உங்கள் கொட்டிலில் நின்று தென்மேற்கே பாருங்கள்: வெறும் வெளியும் அதற்கப்பால் குளமும் என்றால் செயலியின் வீச்சு எண்ணுக்கு மேலே இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். குளம் உங்களுக்குக் கிழக்கே இருந்தால் சோழகக் காலத்தில் இந்தக் கணக்கு தேவையில்லை. வெயில் ஏறிய பிறகுதான் மேலேயுள்ள வேகக்காற்று கீழே இறங்கும். அதனால் மத்தியானத்துக்கும் பொழுதுபடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் கவனமாக இருங்கள்.

காற்று கூரையை அமுக்குவதைவிட மேல்நோக்கி இழுப்பதுதான் அதிகம். அந்த இழுவை ஓரத்திலும் மூலையிலும்தான் கூடுதல். உங்களுக்கு ஓரத் தகரம் போனதும் அதனால்தான். 'காற்றுக்குத் தாங்கும் தகரம்' என்று விற்பவரையும் நம்ப வேண்டாம். எந்தத் தகரமும் அதைப் பிடித்திருக்கும் ஆணியளவுக்குத்தான் தாங்கும். வெறும் ஆணியைக் கழற்றிவிட்டு, றப்பர் வாஷர் வைத்த திருகாணி போடச் சொல்லுங்கள். ஓர வரிசையில் நடுவிலும் பார்க்க நெருக்கமாக வேண்டும். கூலிக்கு வருபவர் தகர நெளிவின் இரண்டு மேட்டுக்கு ஒரு திருகாணி போதும் என்பார். ஓரத்தில் ஒவ்வொரு மேட்டிலும் போடும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கொட்டிலின் கம்பங்கள் நிலத்தில் இறுகி நிற்கின்றனவா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இதெல்லாம் சித்திரைக்குள் முடியட்டும்.