வாசகர் கேள்வி – பதில்: பண்ணை வேண்டாம் என்ற மூத்த மகன்

சென்ற இதழில் தார்யை வேசோஸ் எழுதிய 'பறவைகள்' என்ற நார்வே நாவலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

ஐயா, 'வேசோஸ்' என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தால் 'வேசாஸ்' என்றல்லவா வாசிக்க வருகிறது? (வாசகர், கும்பகோணம்)

அட்டையில் Vesaas என்று இருக்கும். நார்வேக்காரர்கள் அப்படி இரண்டு 'a' சேர்த்து எழுதினால் 'ஓ' என்று படிக்க வேண்டும். 1917-ல் அந்த ஒலிக்கு மேலே வளையம் போட்ட தனி எழுத்தைக் கொண்டுவந்தார்கள். பழைய குடும்பப் பெயர்கள் பலவும் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டன. வேசோஸ் என்பது ஒரு பண்ணையின் பெயர். அவர் பிறந்த பண்ணை.

விவசாயி மகன் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தப் பண்ணை என்ன ஆயிற்று? அவர் ஏன் எழுத வந்தார்? (வாசகி, மதுரை)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி, அம்மா. அவரைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தெலமார்க் மலைப்பகுதியில் வின்யே என்ற ஊர். 1897 ஆகஸ்ட் 20-ல் அங்கே பிறந்தார், மூன்று மகன்களில் மூத்தவர். நார்வேயில் 'ஓடெல்' என்று ஒரு பழைய நில உரிமை உண்டு. அந்தக் காலத்தில் அதன்படி குடும்பப் பண்ணை மூத்த மகனுக்குப் போகும். உரிமை என்று பெயர்தானே தவிர, ஊர்க்கண்ணில் அது கடமை. தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த நிலம், மலைச்சரிவு, காடு, குதிரை எல்லாம் அந்தப் பையனுக்காகக் காத்திருந்தன. அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வோஸ் என்ற ஊரில் இருந்த மக்கள் கல்லூரியில் (தேர்வும் பட்டமும் இல்லாத விடுதிப் பள்ளி) ஒரு வருடம் படித்தார், அப்புறம் எழுத்து. 1923-ல் முதல் நாவல் வந்தது. உதவித்தொகை கிடைத்தபோதெல்லாம் ஐரோப்பிய நகரங்களில் சுற்றினார்.

அந்த மறுப்பின் உறுத்தல் அவரை விடவே இல்லை. 1934-ல் 'பெரும் சுழற்சி' என்ற நாவலை எழுதினார். பண்ணையில் பிறந்த ஒரு பையன், நீ இங்கேதான் இருக்கப்போகிறாய் என்று அப்பா சொல்வதைக் கேட்டு முதலில் திமிறி, கடைசியில் மண்ணை ஏற்றுக்கொள்ளும் கதை. தான் செய்யாததைத் தன் பாத்திரத்தைச் செய்ய வைத்தார்! அதே வருடம் திருமணம். மனைவியோடு குடியேறியது எங்கே தெரியுமா? அதே வின்யேயில், மித்பே என்ற இன்னொரு பண்ணையில். 1970 மார்ச்சில் இறக்கும்வரை அதுதான் வீடு.

சாவதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த 'மாலைப் படகு' புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு பையனும் அப்பாவும் ஒரு குதிரையும் பனியில் வழி உண்டாக்கிக்கொண்டு போகிறார்கள். பனி விழுந்துகொண்டே இருக்கிறது. அப்பா அதிகம் பேசமாட்டார். குதிரையின் காலில் அடிபட்டு, பனியில் ரத்தம். எழுபது வயதில் எழுதிய பக்கங்கள் இவை.

நானும் மூத்த மகன். வயலை யார் பார்ப்பது என்று என் அப்பா என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நான் வேலைக்குக் கிளம்பிய அன்று வரப்பில் மண்வெட்டியோடு நின்று கையை அசைத்தார், அவ்வளவுதான். அந்தப் பனிக்காட்சியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் எழுதியது நார்வே மொழிதானே? முன்னுரையில் ஏதோ 'நீநோர்ஷ்க்' என்று வருகிறதே? (வாசகர், ஈரோடு)

நார்வே நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கின் கையில் இருந்தது. 1814-ல் அந்தப் பிடி விட்டபோது, படித்தவர்கள் எழுதிய மொழி டேனிஷ். மலையிலும் கடலோரத்திலும் மக்கள் பேசியது வேறு. இவார் ஓசென் என்ற விவசாயி மகன் ஊர் ஊராகப் போய் வட்டார வழக்குகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து ஓர் எழுத்துமொழியைக் கட்டினார். பிற்பாடு அதற்கு வந்த பெயர்தான் நீநோர்ஷ்க், 'புதிய நார்வே மொழி'. 1885-லேயே நாடாளுமன்றம் இதற்கும் டேனிஷ் வழிவந்த எழுத்துமொழிக்கும் சம மதிப்புக் கொடுத்துவிட்டது. ஆனாலும் பெருவாரியானவர்கள் எழுதுவது அந்த டேனிஷ் வழி மொழியைத்தான். வேசோஸ் கடைசிவரை இந்தச் சிறுபான்மை மொழியை விடவில்லை. அவர் வாக்கியங்கள் அவ்வளவு குட்டையாக இருப்பதற்கு இந்தப் பேச்சு வேரும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

'பறவைகள்' நாவலில் மாத்திஸ் கடைசியில் ஏன் அப்படிச் செய்தான்? படித்து முடித்ததிலிருந்து மனசு சரியில்லை. (வாசகி, பாளையங்கோட்டை)

எனக்கும் அப்படித்தான் இருந்தது, தங்கச்சி. படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஏரிக்கரையில் ஒரு வீடு. ஊரார் அசடு என்று சொல்லும் மாத்திஸ், கம்பளிச்சட்டை பின்னி அவனைக் காப்பாற்றும் அக்கா ஹேகே. ஒரு மாலை, உள்ளான் இனத்துப் பறவை ஒன்று தன் வழக்கமான பாதையை மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு மேலாகப் பறக்கிறது. மாத்திஸுக்கு அது உலகமே மாறிவிட்ட செய்தி. அக்காவை எழுப்பிச் சொல்கிறான், அவளுக்கோ அசதி. பிறகு ஒருவன் அந்தப் பறவையைச் சுட்டுவிடுகிறான்.

மாத்திஸ் படகுக்காரனாகிறான். அவன் அக்கரை சேர்க்கும் ஒரே பயணி, மரம் வெட்டும் யோர்கன். அவனுக்கும் ஹேகேவுக்கும் காதல். தனக்கு இனி இடம் எங்கே என்று மாத்திஸ் யாரிடமும் கேட்க முடியாமல் தவிக்கிறான். நீந்தத் தெரியாதவன். உளுத்த படகில் நடு ஏரிக்குப் போய், பலகையை உடைத்துவிட்டு, துடுப்புகளைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். செத்துப்போக அவன் முடிவு செய்யவில்லை. முடிவைத் தண்ணீரிடமும் காற்றிடமும் விட்டான். காற்று எழுந்துவிட்டது. தன் பெயரைத் தானே கூவுகிறான், அது யாரோ ஒரு பறவையின் குரல் போலக் கேட்கிறது. ஹேகே மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாற்பது வயதுவரை ஒருத்தி பின்னிக்கொண்டே இருந்திருக்கிறாள், அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா?

அவரைக் கவிஞர் என்றும் சொல்கிறீர்களே? (வாசகர், சேலம்)

முதல் கவிதைத் தொகுப்பு 'ஊற்றுகள்' 1946-ல்தான் வந்தது. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. நாஜிப் படைகள் நாட்டைப் பிடித்திருந்த ஐந்து வருடங்களும் அப்போதுதான் முடிந்திருந்தன. அந்த ஆக்கிரமிப்பைப் பற்றி 'இருட்டில் ஒரு வீடு' என்ற நாவலை மறைவாக எழுதி வைத்து, விடுதலைக்குப் பிறகு 1945-ல் வெளியிட்டார். வீட்டில் முதல் கவிஞர் அவரல்ல, மனைவி ஹால்திஸ் மூரென் வேசோஸ். அவருடைய தொகுப்பு 1929-லேயே வந்துவிட்டது. மித்பே வாழ்க்கையைப் பற்றி ஹால்திஸ் எழுதிய இரண்டு நினைவுநூல்களும் உண்டு. கணவரின் நிழலில் வைத்து அவரைப் பேசுவது நியாயமில்லை.

நோபல் கிடைத்ததா? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? (வாசகர், நாமக்கல்)

பலமுறை பரிந்துரைத்தார்கள், கிடைக்கவில்லை. அவருடைய 'பனி மாளிகை' நாவலுக்கு 1964-ல் வடஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கொடுக்கும் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு வந்தது. அந்தப் பணத்தை வைத்து முதல் புத்தகம் எழுதும் இளையவர்களுக்கு ஒரு பரிசை ஏற்படுத்தினார். இன்றும் கொடுக்கிறார்கள்.

'பனி மாளிகை'யிலேயே தொடங்குங்கள். பதினொரு வயதுச் சிறுமிகள் இருவர், உறைந்துபோன ஒரு அருவி, சின்னப் புத்தகம். எலிசபெத் ரொக்கானின் ஆங்கில மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது. இரண்டாவதாகப் 'பறவைகள்'. 'மாலைப் படகு' கடைசியில்.