அலை தேய்த்த கண்ணாடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் உடைந்த பாட்டில்கள் அலையில் தேய்ந்து கடற்கரையில் கிடைக்கும் கண்ணாடிச் சில்லுகளைப் பற்றி நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் உதவக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய சில்லுகள் ஈரத்தில் ஜொலித்தன. வீட்டுக்கு வந்து காய்ந்ததும் வெளுத்துவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவினால் மினுக்குகிறது. மேலே வார்னிஷ் பூசிவிடலாமா?
– வாசகி, கடலூர்

வேண்டாம் சகோதரி. நீங்கள் வெளுப்பு என்று சொல்வதைத்தான் நான் அதன் அழகு என்பேன். கண்ணாடியில் உள்ள சோடாவையும் சுண்ணாம்பையும் கடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிறது. மணலும் அலையும் மேற்புறத்தை இடைவிடாமல் கொத்துகின்றன. இப்படி உண்டான நுண்ணிய பள்ளங்களில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் அந்த மங்கல். எண்ணெயோ வார்னிஷோ பள்ளங்களை நிரப்பியதும் அது பழையபடி பாட்டில் துண்டாகிவிடுகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் கடல் செய்த வேலையை ஒரு பிரஷ் தடவலில் அழிக்க எனக்கு மனம் வராது. போதாக்குறைக்கு எண்ணெய் தூசியையும் இழுக்கும்.

நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் பிரஷால் சோப்பு நீர் விட்டுத் தேயுங்கள். வெள்ளைச் சிப்பிப் பொருக்கு ஒட்டியிருந்தால் வினிகரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகிவிடும். நிறம் தெரியவேண்டும் என்றால் வெயில் வரும் ஜன்னலில் தங்கூசி நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். பழுப்புச் சில்லுகூட அங்கே தேன் நிறம் காட்டும்.

துளை போடும்போதெல்லாம் உடைந்துவிடுகிறது. கம்மல் செய்ய ஆசை. எப்படித் துளைப்பது?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

முதலில், துளை அவசியம்தானா என்று யோசியுங்கள். பெரும்பாலான சில்லுகளுக்குக் கம்பி சுற்றினாலே போதும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் எனாமல் பூசிய செம்புக் கம்பி எடை போட்டுத் தருவார்கள். 22 கேஜ் தடிமன் என்றால் கையால் வளையும், பிடிப்பும் இருக்கும். சில்லின் இடுப்பைச் சுற்றி ஒரு கட்டு, அதற்குக் குறுக்கே இன்னொன்று, மேலே ஒரு கொக்கி. கண்ணாடிக்கு ஒரு காயமும் இல்லை, பிடிக்கவில்லை என்றால் பிரித்தும் விடலாம்.

துளைத்தே ஆகவேண்டும் என்றால், இரும்புக்குப் போடும் டிரில் பிட் (துளைக்கும் ஊசி) ஆகாது. வைரத்தூள் பதித்த பிட், ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் வாங்குங்கள். பிளாஸ்டிக் தட்டில் பழைய ரப்பர் செருப்புத் துண்டை வைத்து, அதன்மேல் சில்லை வைத்து, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன டிரில்தான் வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் பிளக்கில் செருகிய கருவியைக் கொண்டுபோகவே கூடாது. பிட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு பிறைக்கீறல் போட்டுக்கொண்டு, பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். அழுத்தாதீர்கள், உடைவதற்கு முக்கால்வாசிக் காரணம் அவசரம்தான். அடிக்கடி பிட்டைத் தூக்கினால் துளைக்குள் தண்ணீர் இறங்கிச் சூட்டைத் தணிக்கும், மாவும் வெளியே வரும். பாதிக்குமேல் இறங்கியதும் சில்லைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைத்துச் சந்திக்கவிடுங்கள். ஒரே பக்கமாகப் போனால் பிட் வெளியேறும் இடத்தில் செதில் பெயரும். விளிம்பை ஒட்டியும் போடாதீர்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தண்ணீர் இல்லாமல் துளைத்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. வேலை முடிந்ததும் வெள்ளைச் சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள், காயவிட்டுப் பெருக்காதீர்கள்.

எங்கள் ஊரில் கடல் இல்லை. உடைந்த பாட்டிலை அமிலப் பசை தடவி மங்கலாக்கலாம் என்கிறார்களே?
– வாசகர், கோயம்புத்தூர்

பள்ளியில் வேதியியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: கண்ணாடியை அரிக்கும் பசைகளில் ஃபுளோரைடு சேர்மங்கள் இருக்கும். தோல் வழியே உள்ளே போய் எலும்பு வரை பாதிக்கக்கூடியவை. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். கல் உருட்டும் சின்ன இயந்திரத்தில் சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டுச் சில நாள் உருட்டினால் கூர்மை போய் மங்கல் வரும். அலங்காரத்துக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் விற்கும்போது உருட்டியது என்று சொல்லி விற்கவேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடலில் தேய்ந்ததில் பிறைபிறையாகக் கொத்துத் தழும்பு தெரியும். இயந்திரத்தில் தேய்ந்தது ஒரே சீராக இருக்கும்.

வெளிர்பச்சையில் தடித்த பாட்டில் கழுத்து ஒன்று கிடைத்தது. இரண்டு பக்கமும் கிள்ளியதுபோல் பள்ளம். இது என்ன?
– வாசகர், ராயபுரம்

ஆகா! அது கோலி சோடா பாட்டிலாகத்தான் இருக்கவேண்டும். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே இருக்கும் வாயு கோலியை வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடும். ஊற்றும்போது கோலி திரும்ப வந்து அடைக்காமல் தடுத்து நிறுத்தத்தான் அந்தப் பள்ளம். இதைத் துளைக்கவோ வெட்டவோ வேண்டாம், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்படியே அலமாரியில் வையுங்கள். அந்தப் பக்கமே ஒரு கோலியும் கிடைக்கலாம், தேடிப் பாருங்கள். தேடும்போது கூர்மை போகாத புதுச் சில்லு கண்ணில் பட்டால் அதையும் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். வலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கும் மணல் அது.

இங்கிலாந்தில் சண்டர்லாந்தில் இருக்கும் மகள், பக்கத்துக் கடற்கரையில் கிடைத்ததாக ஒரே சில்லில் மூன்று நிறம் கொண்ட கண்ணாடி அனுப்பியிருக்கிறாள். சாயம் போட்டதா?
– வாசகி, காரைக்குடி

சாயம் இல்லை அம்மா. பக்கத்து ஊரான சீஹாமில் 1853-இல் ஜான் கேண்ட்லிஷ் தொடங்கிய பெரிய பாட்டில் ஆலை 1921 வரை ஓடியது. கழிவுக் கண்ணாடியைக் கடலில்தான் கொட்டினார்கள். வெவ்வேறு நிறக் குழம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியவைதான் இந்தப் பல வண்ணச் சில்லுகள். உலகம் முழுக்கத் தேடுகிறவர்கள் ஆசைப்படும் பொருள் உங்கள் கையில் இருக்கிறது. பின்பக்கம் மூடிய தகட்டில் பதித்துவிடாதீர்கள், வெளிச்சம் ஊடுருவினால்தான் மூன்று நிறமும் தெரியும். பத்தரிடம் கொடுத்து விளிம்பை மட்டும் பிடிக்கும் வெள்ளி வளையம் கட்டச் சொல்லுங்கள். சூடு காட்டாமல் பதிக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நொடியில் ஒட்டும் பசையால் போட்டோ சட்டத்தில் சில்லு ஒட்டினேன். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது.
– வாசகி, நாகப்பட்டினம்

அந்தப் பசையின் ஆவி படிந்தால் அப்படித்தான் பூக்கும். தட்டினால் சில்லு கழன்றும் விடும். இரண்டு டியூபாக வரும் எப்பாக்சி பசையைச் சம அளவு குழைத்து, கடுகளவு மட்டும் வைத்து ஒட்டுங்கள். ஒட்டுமுன் சில்லை நகப்பூச்சு நீக்கியால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் படுக்கையாக வைத்திருந்து, பிறகு சுவரில் மாட்டுங்கள்.