10 அங்குலம் என்று விற்ற பேனா டேப்லெட் 6 அங்குலமே வரைகிறது: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்து கொடுக்கிறேன். வளைகாப்பு, முதல் பிறந்தநாள், கல்யாணப் படங்களை 12-க்கு 12 அங்குலப் பக்கங்களாக அமைத்து, ஓரத்தில் கையால் குறிப்பு எழுதித் தருவதுதான் என் வேலை. இதற்காக ஓர் ஆன்லைன் தளத்தில் ரூ. 8,499 கொடுத்துப் பேனா டேப்லெட் (அதன் மேல் பேனாவால் எழுதினால் கணினித் திரையில் கோடு விழும் பலகை) வாங்கினேன். ‘வரையும் பரப்பு 10-க்கு 6 அங்குலம், 8192 அழுத்த நிலைகள், 2 ஆண்டு வாரண்டி’ என்று போட்டிருந்தார்கள். வந்த டேப்லெட்டில் பேனா வேலை செய்யும் பகுதி 16 செ.மீ.-க்கு 10 செ.மீ.தான். அழுத்தி எழுதினாலும் லேசாக எழுதினாலும் கோடு ஒரே தடிமனில் வருகிறது. நான்காம் நாளே சாட்டில் புகார் செய்தேன். டிரைவரை (டேப்லெட்டைக் கணினியில் இயக்கும் மென்பொருள்) அழித்துவிட்டு மீண்டும் போடுங்கள், கேபிளை மாற்றுங்கள் என்று ஐந்து நாள் இழுத்துவிட்டு, ‘7 நாள் ரீபிளேஸ்மென்ட் காலம் முடிந்தது, சீலும் உடைந்திருக்கிறது’ என்று புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். தயாரிப்பு நிறுவனமோ, விற்றவர் எங்கள் அங்கீகாரம் பெற்றவர் அல்ல, வாரண்டி கிடையாது என்கிறது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று ஒருவர் சொன்னார். நான் என்ன செய்வது? அடுத்த டேப்லெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் புகாரின் வரிசையை மாற்றுங்கள். டிரைவர், கேபிள் என்று சாட்டில் பேச்சு போனதைப் பார்த்தால், அங்கே அழுத்தக் கோளாறுதான் முன்னால் நின்றிருக்கிறது. அளவுதான் முதலில் வர வேண்டும்.

காரணம் இதுதான். பேனாவின் அழுத்தம் பதிவாகவில்லை என்பது பொருளில் குறைபாடு. அதை எதிர்த்தரப்பு மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையம் (நுகர்வோர் நீதிமன்றம் என்று சொல்லப்படுவது) பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வுக் கட்டணத்தை உங்களையே முன்பணமாகக் கட்டச் சொல்லலாம். அறிக்கைக்கு 45 நாள். ஆய்வு இல்லாத வழக்கை 3 மாதத்திலும், ஆய்வு தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் இரண்டுமே நீளும். அளவுக்கு இந்தப் பாடு இல்லை. விளம்பரத்தில் 10-க்கு 6 அங்குலம், அதாவது 25.4-க்கு 15.2 செ.மீ. கையில் இருப்பது 16-க்கு 10. பரப்பில் பாதிகூட இல்லை. ஆணையத்தின் மேசையில் ஒரு ஸ்கேலை வைத்தால் தீர்ந்தது. சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று மின் வணிக விதிகள் 2020-இன் விதி 6 நேரடியாகச் சொல்கிறது.

விற்பனையாளர் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே எதிர்பாருங்கள். ‘10 அங்குலம் என்பது டேப்லெட்டின் வெளி அளவு’ என்பார்கள். வரையும் பரப்பு 16 செ.மீ. உள்ள சிறிய டேப்லெட்டுகளின் உடல் சுமார் 26 செ.மீ. நீளம் இருப்பது சாதாரணம் என்பதால் இந்த வாதம் எடுபட வாய்ப்பு உண்டு. விளம்பரத்தில் ‘10 இன்ச் டேப்லெட்’ என்று மட்டும் இருந்திருந்தால் உங்கள் நிலை பலவீனம்தான். ‘வரையும் பரப்பு’ என்ற சொல் அங்கே இருப்பதே உங்கள் வழக்கின் உயிர். ஆகவே இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை முழுதாக, மேலிருந்து கீழ்வரை, இணைய முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பி.டி.எஃப்.-ஆகவும் சேமியுங்கள். விற்பனையாளர் அந்த வரியைத் திருத்த சில நிமிடங்கள் போதும். திருத்திவிட்டிருந்தால் ஆர்டர் உறுதி மின்னஞ்சலையும் ‘மை ஆர்டர்ஸ்’ பக்கத்தையும் பாருங்கள். வாங்கிய அன்று இருந்த தலைப்பு பெரும்பாலும் அங்கே அப்படியே கிடக்கும்.

அழுத்தக் கோளாறை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மையிலேயே பொருளின் கோளாறா என்று முதலில் உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் குறுக்கு விசாரணையில் உங்கள் நம்பகத்தன்மையே அடிபடும். டேப்லெட்டின் டிரைவர் பேனலைத் திறந்தால் அழுத்தத்தைக் காட்டும் சோதனைப் பகுதி இருக்கும். அதில் பேனாவை அழுத்த அழுத்த அளவு ஏறி இறங்கினால் டேப்லெட்டில் பழுதில்லை. போட்டோஷாப்பிலோ வேறு மென்பொருளிலோ அமைப்புதான் தவறு. விண்டோஸில் பெரும்பாலும் ‘விண்டோஸ் இங்க்’ என்ற தேர்வு டிரைவரில் அணைந்திருக்கும், அல்லது பிரஷ் அமைப்பில் தடிமனுக்கு ‘பென் பிரஷர்’ தேர்வாகியிருக்காது. முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட் டிரைவர் போட்டிருந்து அதை நீக்காவிட்டாலும் அழுத்தம் போய்விடும். மேக் என்றால் தனியுரிமை அமைப்பில் ‘அக்சஸிபிலிட்டி’, ‘இன்புட் மானிட்டரிங்’ இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி தந்திருக்க வேண்டும். யு.எஸ்.பி. ஹப் வழியாக இல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். இவ்வளவுக்குப் பிறகும், இரண்டு வேறு கணினிகளிலும் டிரைவர் பேனலிலேயே அளவு அசையவில்லை என்றால் அது குறைபாடுதான். வட்டம் வரைந்தால் முட்டையாக வருகிறது என்பதையும் பலர் பழுது என்று எழுதுகிறார்கள். அது திரையின் விகிதமும் டேப்லெட்டின் விகிதமும் வேறாக இருப்பதால் வருவது. டிரைவரில் விகிதத்தைப் பூட்டினால் சரியாகிவிடும். அதைப் புகாரில் சேர்க்காதீர்கள்.

இந்தச் சோதனையை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். இன்வாய்ஸ், பெட்டியின் லேபிள், டேப்லெட்டின் பின்பக்கச் சீரியல் எண், வரையும் பகுதியின் மூலைக்குறிகள் மேல் வைத்த ஸ்கேல், டிரைவர் பேனல் காட்டும் அழுத்த அளவு என்ற வரிசையில் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட், சாட், வீடியோ எல்லாமே மின்னணுச் சாட்சியம். பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் பிரிவு 63-இல் சொல்லப்பட்ட சான்றிதழை (அந்தப் பதிவு எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்று கூறுவது) இணைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு ஆட்சேபம் குறையும்.

தொழிலுக்கு வாங்கியது என்பதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று சொன்னவர் பாதி சட்டம் படித்திருக்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) விலக்குகிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவரை உள்ளே கொண்டுவருகிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. கூலிக்குத் தட்டச்சு செய்து கொடுப்பதற்காகத் தட்டச்சுப் பொறி வாங்கித் தானே அதில் வேலை செய்பவரும் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. உங்கள் நிலையும் அதுவே. ஆனால் இதை மனுவில் எழுத்தில் சொல்லியாக வேண்டும்: ‘இப்பொருளைச் சுயதொழில் மூலம் வாழ்வாதாரத்துக்காக மட்டுமே வாங்கி, நானே பயன்படுத்துகிறேன்’. இந்த ஒரு வாக்கியம் விடுபட்டதால் தோற்கும் மனுக்களைப் பார்க்க வருத்தமாக இருக்கும். இன்வாய்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் நல்லது. கடைப்பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்கி உள்ளீட்டு வரிக் கழிவும் (வாங்கும்போது கட்டிய வரியைத் தொழிலின் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் நீட்டும். அப்போதும் கதவு மூடிவிடாது, தானே வேலை செய்வதற்கான ஆதாரம் கூடுதலாகத் தேவைப்படும்.

7 நாள் காலக்கெடு, சீல் உடைப்பு இரண்டையும் கண்டு தயங்க வேண்டாம். நான்காம் நாளே புகார் பதிவாகியிருக்கிறது. அதன் டிக்கெட் எண்ணும் நேரமும் கையில் இருந்தால், இழுத்தடித்த நாட்களை உங்கள் கணக்கில் ஏற்ற முடியாது. மின் வணிக விதிகளின் விதி 6-இல் நாள் கணக்கு எதுவும் இல்லை. பெட்டியைத் திறக்காமல் வரையும் பரப்பை அளக்கவும் முடியாது. ‘வழக்கு பெங்களூரில்தான்’ என்று தளத்தின் நிபந்தனையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது.

வாரண்டி விஷயத்தில் தயாரிப்பு நிறுவனத்தோடு சண்டை போடுவதில் பலனில்லை. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரான நாடு அச்சான ஸ்டிக்கர் இருக்கிறதா? இல்லையென்றால் அது முறையான வழியில் வந்த சரக்கு அல்ல. தான் இங்கே விற்காத பொருளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. ஆனால் ‘2 ஆண்டு வாரண்டி’ என்று எழுதியவர் விற்பனையாளர். அந்த வாக்குறுதி அவரைக் கட்டும். ஸ்டிக்கர் இல்லாததைச் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-இன்கீழ்த் தனிப் புகாராகவும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

இனி செய்ய வேண்டியது. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்; சாட் போதாது. 48 மணி நேரத்தில் பெற்றதாக ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் மின் வணிக விதிகளின் விதி 4 அவரைக் கட்டுகிறது. அதே கடிதத்தில் விற்பனையாளரின் முழு முகவரியையும் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் தளம் தர வேண்டும் என்கிறது விதி 5. முகவரி இல்லாமல் நோட்டீஸை அவரிடம் சேர்க்க முடியாது, வழக்கு அங்கேயே நின்றுவிடும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் இந்த அளவுத் தொகையில் பெரிய தளங்கள் பல சமயம் இங்கேயே இறங்கி வந்துவிடும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே பரிவர்த்தனையை மறுத்து எழுதுங்கள். அதற்குக் காலக்கெடு குறைவு.

மாதம் கடந்தும் பணம் வராவிட்டால் விற்பனையாளர், தளம் இருவருக்கும் 15 நாள் அவகாசம் தந்து ஒப்புகையோடு கூடிய தபாலில் நோட்டீஸ். பிறகு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், ஈ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே, மனு. கட்டிய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். தளம் ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று சொல்லும், ஆனால் திரும்ப எடுக்க மறுத்த பதில் அவர்களிடமிருந்து வந்தது.

கேட்க வேண்டியவை: ரூ. 8,499, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை. சில லட்சங்கள் கேட்டால் மனுவின் கனம் குறையும். கைநழுவிய ஆர்டர்களுக்கு இழப்பீடு கேட்பதானால் வாடிக்கையாளருக்கு முன்பணம் திருப்பியதற்கான யு.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் இருக்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் பேப்பர், ஸ்டிக்கர் தொகுப்புகள் பல ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற உரிமத்தில் விற்கப்படுபவை. ஆர்டர் வருமானத்தை ஆவணமாகத் தாக்கல் செய்யும் முன் வணிக உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு சிறிதானால் என்ன நஷ்டம் என்று ஆணையம் கேட்கும். அதற்கான விடையே அடுத்த டேப்லெட்டைத் தேர்வதற்கும் வழி. 15.6 அங்குல லேப்டாப் திரையின் அகலம் சுமார் 34.5 செ.மீ. 16 செ.மீ. பரப்பில் கை ஒரு மி.மீ. அசைந்தால் திரையில் கர்சர் 2 மி.மீ.-க்கு மேல் போகும், 25.4 செ.மீ. பரப்பில் 1.4 மி.மீ.தான். 24 அங்குல மானிட்டரில் இந்த விகிதம் 3.3-உம் 2.1-உம். படத்தை வெட்டுவது, ஒட்டுவது, நிழல் போடுவதற்குச் சிறியதே போதும். கையெழுத்தில் குறிப்பு எழுதுவதுதான் தடுமாறும், உங்கள் வேலையோ அதில்தான் இருக்கிறது. ஆக 10-க்கு 6 அங்குலம் போன்ற நடுத்தர அளவு வாங்குங்கள். 8192 அழுத்த நிலை என்ற எண்ணுக்காகக் கூடுதல் விலை தராதீர்கள். கையெழுத்துக்கும் பிரஷ் வேலைக்கும் 2048-க்கும் அதற்கும் வேறுபாடு தெரிவது அரிது. பேட்டரி இல்லாத பேனா, மாற்று நிப்பும் பேனாவும் இந்தியாவில் தனியாகக் கிடைப்பது, உங்கள் கணினிக்கு நிறுவன இணையதளத்திலேயே டிரைவர் இருப்பது, செய்ததை ரத்து செய்ய (அன்டூ), பிரஷ் அளவு மாற்ற நான்கைந்து பொத்தான்கள் இவற்றைப் பாருங்கள். போனிலும் எழுதலாம் என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதானால், போனை நிமிர்த்திப் பிடித்த நிலையில் டேப்லெட்டின் ஒரு பகுதி மட்டுமே இயங்கும் மாடல்கள் உண்டு என்பதைக் கேட்டுத் தெளியுங்கள்.

மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, அங்குள்ள ‘ஆக்டிவ் ஏரியா’ (வரையும் பரப்பு) அளவு விற்பனைப் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விற்பனையாளர் பெயர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

பழைய டேப்லெட்டை, அதன் பெட்டி, கேபிள், நிப்புகளோடு அப்படியே வைத்திருங்கள்; இனி அதில் வேலை செய்ய வேண்டாம். ‘பொருளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்’ என்று யாராவது கேட்டால், ரீஃபண்ட் தருவதாக எழுத்தில் உறுதி வந்த பிறகே, பிக்கப் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வழக்குத் தொடர, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சாட் பதிவுகள் தளத்தில் அவ்வளவு நாள் இருக்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.