வேலையும் விடுமுறையும் ஒன்றாகக் கழிக்க ஏற்ற ஊர் எது?

இணையவழி வேலையை விடாமலே விடுமுறையையும் கழிக்க எப்படிப்பட்ட ஊர் ஏற்றது என்று கேட்டால், பெரும்பாலோர் குளிரையும் இயற்கைக் காட்சியையும்தான் முதலில் சொல்கிறார்கள். சேலத்தில் வசித்துக்கொண்டு, மடிக்கணினியோடு அவ்வப்போது ஏற்காட்டில் போய்த் தங்குபவன் என்ற முறையில், நான் முதலிடம் தருவது மலைக்குக் கீழே எட்டும் தூரத்தில் ஒரு பெரிய ஊர் இருப்பதற்குத்தான். சேர்வராயன் மலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டிலிருந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இறங்கினால் சேலம் வந்துவிடுகிறது. சார்ஜர் பழுதானாலும், மரம் விழுந்து நாள் முழுவதும் மின்சாரம் இல்லாமல் போனாலும், திடீரென்று ரயிலேற வேண்டியிருந்தாலும் வேலை கெடாது.

அடுத்து, உங்கள் வேலை நேரத்துக்கு ஊர் பொருந்துகிறதா என்று பாருங்கள். லண்டன் அலுவலகத்துக்கு வேலை செய்பவருக்கு, அங்கே காலை ஒன்பது மணி என்பது கோடையில் நமக்குப் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. ஆகவே ஏரிக்கரை நடையும் பகோடா பாயிண்ட் காட்சிமுனையும் சேர்வராயன் கோயிலும் காலைப்பொழுதிலேயே அவருக்குக் கிடைத்துவிடும். நம் நாட்டு அலுவலக நேரத்தில் வேலை செய்பவருக்கு மாலை மட்டுமே மிஞ்சும். அவருக்கு, பார்க்க வேண்டியவை நெருங்கி அமைந்த ஏற்காடு போன்ற சிற்றூர்தான் வசதி. இருட்டிய பிறகும் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து சேலத்தின் விளக்குகளைப் பார்க்கலாம், மூடுபனி விட்டால்.

அறை எடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்பதைவிட, இணைய இணைப்பு வரவேற்பறையில் மட்டுமா அறைக்குள்ளும் வருமா, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் ரூட்டரையும் தாங்குமா, நிமிர்ந்து உட்கார்ந்து எழுத மேசை உண்டா என்று கேளுங்கள். (கட்டிலில் சாய்ந்தபடி எட்டு மணி நேரம் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.) காப்பித் தோட்டத்து விடுதிகள் மனத்துக்கு இதமானவை, ஆனால் சரிவு மறைக்கும் இடங்களில் கைப்பேசி சிக்னல் நலிந்துவிடும்.

மே மாதத்தில் கோடை விழாக் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், கோடை மழைக்குப் பின் காப்பி பூக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களின் வார நாள்களையே நான் பரிந்துரைப்பேன். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதை நம்பத் தகுந்ததன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதங்களில் சேலத்திலேயே அறை எடுத்து, வானம் வெளுத்த நாளில் மேலே போய் வருவது போதும்.